ஒன்றும் சொல்லமாட்டார்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ, அத்தான், உன் மாமியார் மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன வாரம் தொலைபேசியில் கேட்க நினைத்தேன். உன் வீட்டுக்குக் கீழே அத்தானின் கடையில் பெயிண்ட் டப்பா குலுக்குகிற சத்தத்தில் நீ பேசியதே பாதி காதில் விழவில்லை. அதனால்தான் கடிதம். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது பார்.

எனக்கு ஓர் உதவி வேண்டும். எங்கள் ஆய்வு நிறுவனம் மணமான பெண்களைப் பற்றிப் பெரிய ஆய்வு ஒன்றைத் தொடங்கப்போகிறது. வீட்டில் எதையெல்லாம் தாங்களே முடிவு செய்கிறார்கள், வெளியே எங்கெல்லாம் போய்வருகிறார்கள் என்று ஆயிரக்கணக்கான வீடுகளில் கேட்க வேண்டும். அதற்கு முன்னால் கொஞ்சம் பேரிடம் மட்டும் ஒரு முன்னோட்டம். பைலட் என்று சொல்வோம். கேள்வி புரிகிறதா, எங்கே சலிக்கிறது, எந்தச் சொல் நம் காலை வாருகிறது என்று இதில்தான் தெரியும். தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம். முழு ஆய்வில் இறங்கிய பிறகு தெரிந்தால் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

படிவம் ஒன்றை வைத்திருக்கிறேன். நிரப்பி அனுப்பு. இதில் சோதிப்பது உன்னை இல்லை, கேள்விகளைத்தான். எங்கள் தலைவருக்கு இந்த முன்னோட்டமே வெட்டிவேலை. எதைச் சொன்னாலும் "சராசரி என்ன?" என்று கேட்பவர்; எங்களுக்குள் அவர் பெயரே சராசரிதான். படிவம் அச்சுக்குப் போகட்டும் என்று இப்போதே குதிக்கிறார். சீக்கிரம் எழுது.

உன் வாயாடித் தங்கை


ஜனவரி 21

அடி வாயாடி,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அத்தைக்கு முழங்கால்தான் நடக்கவில்லை, நாக்கு நன்றாக நடக்கிறது. உன் கடிதத்தை உன் அத்தான் சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்தார். தபால் கடைக்குத்தான் வருகிறது, அவரே பிரித்துப் படித்துவிடுவார், எனக்கு அந்த வேலை மிச்சம். அதில் பைலட் என்ற சொல் மட்டும் அத்தையின் காதில் விழுந்துவிட்டது. "சின்னவ ஏரோப்ளேன் ஓட்டுறாளாம்" என்று தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. எதிர்வீட்டுத் தையல்காரம்மா வந்து, "இந்தப் பக்கமா பறக்கும்போது சொல்லச் சொல்லுங்க, மாடியில நின்னு கையாட்டுறேன்" என்கிறாள். நான் மறுக்கவில்லை. நம் வீட்டில் ஒருத்தியாவது பறக்கட்டுமே.

படிவத்தை நிரப்பிவிட்டேன். 'வெளியே செல்ல யாருடைய அனுமதியையாவது பெறுகிறீர்களா?' என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதினேன். அனுமதி கேட்க நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா? 'வெளியே போவதாகச் சொன்னால் கணவர் என்ன சொல்வார்?' என்பதற்கு, ஒன்றும் சொல்லமாட்டார் என்று எழுதியிருக்கிறேன். 'ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டிருக்கிறாயே, ஓய்வு நேரம் என்றால் எது என்று பக்கத்தில் ஒரு விளக்கம் போடு.

கடைசிக் கேள்வி வந்தபோது, அதற்குள் முடிந்துவிட்டதே என்றிருந்தது. என்னை யாரும் இப்படி உட்காரவைத்து எதையும் கேட்டு ரொம்ப நாளாயிற்று.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

பின்குறிப்பு: மச்சினிக்கு அத்தானின் ஆசிகள். உன் அக்கா எழுதியதைச் சரிபார்த்து ஒரு எழுத்துப்பிழை திருத்தினேன். நான் ஒன்றும் சொல்லமாட்டேன் என்று எழுதியிருக்கிறாளே, அது நூற்றுக்கு நூறு உண்மை! மாடிப்படி என் நாற்காலியை ஒட்டித்தான் கடைக்குள் இறங்குகிறது. வேறு வழியும் கிடையாது. நாள் முழுக்க நான் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாளாவது அவளைத் தடுத்திருக்கிறேனா, கேட்டுப் பார்.


பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம், இருமலைத் தவிர. அங்கே அனைவரும் நலமா? அத்தானின் திருத்தத்துக்கு நன்றி. அத்தையிடம் சொல், தெருவுக்கு மேலே பறக்கும்போது கட்டாயம் விளக்கை அணைத்து அணைத்துப் போடுகிறேன்.

உன் பதில்கள் மற்றவர்களுடைய பதில்களைப் போலவேதான் இருக்கின்றன. ஒருத்திகூட அனுமதி கேட்பதில்லை. கணவர்களும் ஒன்றும் சொல்வதில்லை. எல்லோரையும் 'தடையில்லை' என்ற கட்டத்தில் குறித்து முடித்தோம்.

இப்போது முக்கியமான விஷயம். முழு ஆய்வுக்கு நூறு பேருக்கு மேல் களத்தில் இறங்குவார்கள். எப்படிக் கேட்பது, கேட்டுவிட்டு எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் தேவை. கல்யாணத்துக்கு முன் நீ பயிற்சி நிலையத்தில் செய்த வேலையேதான். உன் பெயரைச் சொன்னேன். சராசரியே, "வரச் சொல்லும்மா" என்றுவிட்டார். ஆகஸ்டில் தொடக்கம், ஆறு வாரம். என் அறையில் ஜன்னலோரம் இன்னொரு கட்டில் போட இடமிருக்கிறது. அந்த இடத்தை நேற்றே பெருக்கித் துடைத்துவிட்டேன்.

வருகிறேன் என்று ஒரு வார்த்தை எழுது, அக்கா. இந்த வேலை உனக்கு வேண்டும் என்று உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

தங்கை


பிப்ரவரி 27

அன்புள்ள தங்கைக்கு,

நாங்கள் நலம். உன் இருமல் குறைந்ததா? வெந்நீர் குடி, பனியில் அலையாதே.

மாடி அறைக்குப் புது வண்ணம் அடித்தாயிற்று. யாருக்கோ கலக்கும்போது அளவு தப்பிப்போய், வாங்க ஆளில்லாமல் கடையில் கிடந்த டப்பா. பச்சையும் இல்லை, சாம்பலும் இல்லை. பழகினால் நன்றாகத்தான் இருக்கிறது. ஜன்னல் சட்டத்தில் மட்டும் பெயிண்ட் காய்ந்து கதவோடு ஒட்டிக்கொண்டது. தள்ளிப் பார்த்தேன், திறக்கவில்லை. தூசி வராமல் இருக்குமே, நல்லதுதான் என்கிறார். அத்தைக்கும் அதுதான் சௌகரியம், காற்று பட்டால் முழங்கால் வலிக்கிறதாம். தையல்காரம்மா கையாட்டினால் கண்ணாடி வழியாகத் தெரியும்.

வேறு விசேஷம் இல்லை. உன் அறையில் கொசு உண்டா?

அக்கா

பின்குறிப்பு: பயிற்சி வேலை பற்றி எழுதியிருந்தாய். அருமையான வாய்ப்பு. முடிவு முழுக்க முழுக்க அவளுடையது. நான் குறுக்கே நிற்கிற ஆள் இல்லை. — அத்தான்


மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலம்தானே? உன் கடிதத்தில் சுவர் இருந்தது, ஜன்னல் இருந்தது, என் இருமல் இருந்தது, கொசுகூட இருந்தது. நான் கேட்டதற்குப் பதில் மட்டும் இல்லை. மென்று விழுங்காதே. வருகிறாயா, இல்லையா?

சரி, கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு வேலையைச் சொல்கிறேன். முன்னோட்டம் முடிந்தது என்று சராசரி மூட்டை கட்டச் சொல்லிவிட்டார். "எல்லாரும் சுதந்திரமா இருக்காங்கன்னு வந்திருக்கு. நல்ல சேதிதானே, அதுக்கு ஏம்மா மூஞ்சிய இப்படி வெச்சிருக்க?" என்றார். எனக்கு என்னவோ உறுத்திக்கொண்டே இருந்தது. படிவம் எதுவும் எடுக்காமல், சலவைக் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணிடம் மறுபடி போனேன். அவளும் முன்பு எல்லோரையும் போலத்தான் பதில் சொல்லியிருந்தாள்.

"எங்கயாவது போகணும்னா வீட்டுக்காரர்கிட்ட சொல்வீங்களா?"

"பின்ன? சொல்லாம எப்படிப் போறது?"

"சொன்னா என்ன சொல்வாரு?"

"அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு."

"அப்ப கிளம்பிடுவீங்க."

அவள் கையிலிருந்த சட்டையை வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "என்னம்மா நீங்க! ஒண்ணும் சொல்லலேன்னா எப்படிக் கிளம்புறது?"

எனக்குப் பொட்டில் அடித்ததுபோல் இருந்தது. ஒன்றும் சொல்லமாட்டார் என்றால் வேண்டாம் என்று சொல்லமாட்டார் என்று நாங்கள் குறித்துக்கொண்டோம். அவளுடைய கணவர் போ என்றும் சொல்லமாட்டார். வாயையே திறக்கமாட்டார். திறக்காத வாயைத் தாண்டி அவளால் வாசல்படி இறங்க முடியவில்லை. மற்றவர்களிடமும் திரும்பப் போனேன். முக்கால்வாசிப் பேருக்கு இதே கதைதான். அத்தனை பேரையும் 'தடையில்லை' கட்டத்தில் தள்ளிவிட்டு நல்ல சேதி என்று சிரித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

உன் படிவம் இப்போது என் எதிரில் இருக்கிறது. நீ எந்த அர்த்தத்தில் எழுதினாய், அக்கா?

தங்கை


ஏப்ரல் 29

தங்கைக்கு,

இங்கே யாவரும் நலம். நீயும் நலம் என்று நம்புகிறேன்.

நீ கேட்டதற்குப் பதில். நான் எழுதியது எழுதியதுதான், அதற்கு வேறு அர்த்தம் இல்லை. பயிற்சி வேலை பற்றி இவரிடம் சொன்னேன். ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே நான் வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

பின்குறிப்பு: மச்சினி, உன் கடிதத்தை மேசையில் படித்தபோது அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. படித்த பெண்கள் பூதக்கண்ணாடி வைத்துத்தான் எதையும் பார்ப்பீர்கள் போலிருக்கிறது! உன் அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து, நான் எப்போதாவது வேண்டாம் என்றேனா, மனதில் பட்டதைச் சொல் என்று கேட்டேன். இல்லை என்றாள். நீயே பார், அவள் கைப்பட எழுதியிருக்கிறாள். பதில் தாமதமானதற்கு வருத்தம். முதலில் அவள் எழுதியவை எல்லாம் வளவளவென்று இருந்தன. இதுதான் சுருக்கமாக நன்றாக வந்திருக்கிறது. — அத்தான்


மே 8

மதிப்புக்குரிய அத்தானுக்கு வணக்கம்.

நான் நலம். தாங்களும் அக்காவும் அத்தையும் நலமாக இருக்க விரும்புகிறேன். போன கடிதத்தில் வேலை மும்முரத்தில் கண்டபடி எழுதிவிட்டேன், மன்னித்துவிடுங்கள். அக்கா வர முடியாதது பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இப்போது தங்களிடம்தான் ஓர் உதவி கேட்க வேண்டும். பெண்களிடம் மட்டும் கேட்டால் போதாது, குடும்பத் தலைவர்களையும் கேட்க வேண்டும் என்று புதிதாக ஒரு படிவம் தயாரித்திருக்கிறோம். வீட்டின் கூரை, சுவர், தண்ணீர், மின்சாரம், தெரு, வியாபாரம் என்று எல்லாவற்றையும் பற்றி விரிவாகக் கேட்கும் படிவம். பொறுமையாக உட்கார்ந்து விவரம் சொல்கிற ஆண்கள் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருக்கிறது. தங்கள் நினைவுதான் வந்தது. இரண்டாவது முன்னோட்டத்தைத் தங்கள் தெருவிலேயே நடத்தலாமா? முழு ஆய்வு என்றால் தெருக்களைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்க வேண்டும். முன்னோட்டத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

இரண்டு பேர் வருவார்கள். தங்களிடம் பேச, அலுவலகத்திலேயே பொறுமையான ஒருவர். அக்காவிடம் பழைய கேள்விகளை ஒப்புக்குக் கேட்க ஒரு பெண். வெயிலோ மழையோ கையில் குடை இருக்கும். நாங்கள் குடைக்காரி என்போம்.

தங்கள் மச்சினி


மே 14

மச்சினிக்கு ஆசிகள்.

எல்லோரும் நலம். தாராளமாக வரச் சொல். கூரையைப் பற்றி என்னைவிட விவரமாகச் சொல்ல இந்த வட்டாரத்திலேயே ஆள் கிடையாது. ஓடு, தகரம், தளம் மூன்றையும் பார்த்தவன் நான். எந்தக் கூரைக்கு எந்த வண்ணம் நிற்கும் என்பதே தனிப் பாடம். இதுவரை எந்த அரசாங்கமும் என்னை வந்து கேட்டதில்லை. உங்கள் அலுவலகத்துக்காவது புத்தி வந்ததே.

உன் அக்காவைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? இருந்தாலும் உங்கள் முறைப்படி நடக்கட்டும். ஜூன் முதல் வாரம் வியாபாரம் மந்தம், அப்போது வரட்டும்.

அத்தான்

பின்குறிப்பு: அக்கா சமையலறையில் இருக்கிறாள். நலம் விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.


ஜூன் 3, குடைக்காரி மூலம் நேரில்

அக்கா,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. மேசையில் யாரும் இதைப் படிக்கமாட்டார்கள். படித்துவிட்டுக் கிழித்துப்போடு.

கீழே அத்தானுக்கு எதிரில் இருக்கிற படிவத்தில் யாருக்கும் ஓர் உபயோகமும் இல்லை. அவருடைய பதில்களை நாங்கள் கூட்டப்போவதுமில்லை, வகுக்கப்போவதுமில்லை. முன்னோட்டத்தில் நாங்கள் கற்றுக்கொண்டது இதுதான்: கணவர் பக்கத்தில் இருந்தால் மனைவியின் பதில் கணவரின் பதிலாகிவிடுகிறது. வெளியே போங்கள் என்றால் அவர் நகரமாட்டார். கேள்வி கேட்டால் மட்டும் உட்கார்ந்த இடத்தில் மெய்மறந்து பேசிக்கொண்டிருப்பார். அதற்காகத்தான் அந்த நீளமான படிவத்தை எழுதினேன். எல்லா ஊரிலும் எல்லாக் கணவர்களுக்கும் இனி அது போகும். ஆனால் அதை எழுதும்போது என் கண்முன் இருந்த மனிதர் உன் கணவர்தான்.

மார்ச்சில் நான் அந்தக் கேள்வியை அப்படிப் பட்டவர்த்தனமாகக் கேட்டிருக்கக் கூடாது. ஒரு கூட்டத்தின் நடுவில் உன்னை நிறுத்திக் கேட்டதுபோல் ஆகிவிட்டது. அதனால் உனக்கு என்னவெல்லாம் ஆயிற்றோ.

பழைய கேள்வியை எடுத்துவிட்டோம். இப்போது இப்படிக் கேட்கிறோம்: 'கடைசியாக எப்போது யாரிடமும் சொல்லாமல் வெளியே போனீர்கள்?' குடைக்காரி உன்னைக் கேட்கமாட்டாள். நான் கேட்கிறேன். கீழே அத்தானிடம் எங்கள் பொறுமைசாலி ஒரு மதியப்பொழுது முழுக்கத் தாக்குப்பிடிப்பார்.

தங்கை


அதே நாள்

சின்னவளே,

மேலே நம் பச்சைச் சுவர் அறையில் இருந்து எழுதுகிறேன். குடைக்காரப் பெண் எதிரில் உட்கார்ந்து, கண்ணயர்ந்துவிட்ட அத்தையின் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். கீழே அவர் குரல் கேட்கிறது. தகரக் கூரை முடிந்து இப்போது ஓட்டுக்கு வந்திருக்கிறார்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில், இன்றைக்கு. உன் கடிதத்தைப் படித்ததும் கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். அவர் முழங்கை என் புடவையில் உரசியது. "தகரத்துல என்ன பிரச்சனைன்னா..." என்று சொல்லிக்கொண்டே கையை நகர்த்தி வழிவிட்டார், நிமிர்ந்து பார்க்கவில்லை. பேருந்து நிலையம்வரை போனேன். நீ இருக்கிற ஊர்ப் பேருந்து நின்றுகொண்டிருந்தது. நடத்துநர், "ஏறுறீங்களாம்மா, எடுக்கப்போறோம்" என்றார்.

நான் ஏறவில்லையடி. யாரும் என்னைப் பிடித்து வைக்கவில்லை. சொல்லாமல் வந்துவிட்டோமே என்று கால் தானாகத் திரும்பிவிட்டது. திரும்பி வந்தபோதும் அவர் நிமிரவில்லை. எல்லோருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்தேன். என்மேலேயே எனக்கு அவ்வளவு அருவருப்பாக இருந்தது.

அவர் அடிப்பதில்லை, திட்டுவதில்லை. யாரிடமாவது சொன்னால் உனக்கு என்ன குறை என்பார்கள். போய்வரட்டுமா என்று கேட்டால் நிமிர்ந்து பார்ப்பார், ஒரு டப்பாவை எடுத்துத் துடைப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். மீறிப் போய்வந்தால் அந்தப் பேசாமை நாள்கணக்கில் தொடரும். அத்தையிடம்கூடப் பேசமாட்டார், அவர்கள் என்னைப் பார்த்துக் கண்கலங்குவார்கள். கடைசியில் எதற்கென்று தெரியாமல் நானே மன்னிப்புக் கேட்பேன். மார்ச்சில் உன் கடிதம் வந்த பிறகு ஒரு மாதத்துக்கு மேல் அப்படி இருந்தார். எனக்கு மூச்சு முட்டுகிறது. இந்த ஒரு வரியை எழுத முதலில் மூன்று தாள் வீணாயின. பக்கத்தில் அவர் இல்லை, ஆனாலும் 'இங்கே யாவரும் நலம்' என்றுதான் கை எழுதியது.

எனக்கு அந்த வேலை வேண்டும். ஜன்னலோரக் கட்டில் வேண்டும். இன்று போகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கீழே நாற்காலி நகர்கிற


ஜூலை 2

மச்சினிக்கு ஆசிகள்.

நாங்கள் நலம், உன் நலம் அறிய ஆவல். உங்கள் பொறுமைசாலி தங்கமான மனிதர். கூரைக்கே பொழுது போய்விட்டது, தண்ணீரும் மின்சாரமும் அப்படியே நிற்கின்றன. நான் சொன்ன விவரங்கள் உங்கள் தலைவருக்குப் பயன்பட்டிருக்கும் என்று நம்புகிறேன். அவர் என்ன சொன்னார் என்று நீ எழுதவே இல்லை.

முழு ஆய்வு எப்போது? அவர்கள் மறுபடி வருவார்களா? இதை நான் மட்டும் கேட்கவில்லை. உன் அக்காவும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். "பாதியில நின்னுபோச்சே, மிச்சத்தையும் வந்து கேட்டு முடிக்கச் சொல்லுங்க. கேள்வி நெறைய இருந்தா நல்லது, உங்களுக்கும் பேச ஆசையா இருக்கு" என்கிறாள். தானாக வாய் திறந்து எதையும் கேட்பவள் இல்லை, அதனால் எழுதுகிறேன். என் விஷயத்தில் அவளுக்கு இவ்வளவு அக்கறை வந்தது எனக்கு ஆச்சரியம்தான். ஆளும் கொஞ்சம் சுறுசுறுப்பாகிவிட்டாள். பரண்மேல் கிடந்த பெட்டியை இறக்கித் துடைத்து, பழைய சான்றிதழ்களை வெயிலில் காயவைத்தாள். பூச்சி அரிக்கிறதாம்.

தேதியை முன்கூட்டியே தெரிவி. அன்று நாற்காலியை விட்டு அசையமாட்டேன்.

அத்தான்


ஜூலை 10

மதிப்புக்குரிய அத்தானுக்கு வணக்கம்.

நான் நலம், இருமல்கூட இல்லை. அங்கே மூவரும் நலமாக இருக்கட்டும். முழு ஆய்வுக்கான தெருக்களைக் குலுக்கி எடுத்துவிட்டார்கள். தங்கள் தெரு அதில் விழவில்லை. அதற்காகத் தங்கள் ஆர்வத்தை வீணாக்க எனக்கு மனமில்லை. அடுத்த வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். தண்ணீர், மின்சாரம், தெரு, வியாபாரம் எல்லாவற்றையும் கேட்கிறேன். கேள்விகளை நானே உட்கார்ந்து எழுதினேன். போன தடவையைவிட நீளம்.

குடைக்காரியும் வருகிறாள், ஆனால் கடைக்குள் வரமாட்டாள். அவளுக்கு வேறு வேலை. தெருக்கோடியில் வண்டியோடு, இன்ஜினை அணைக்காமல் நிற்பாள்.

தங்கை வந்திருக்கிறாளே என்று அக்கா கீழே வந்து எங்களோடு உட்கார வேண்டாம். தேநீரும் வேண்டாம். பாதியில் நின்றுபோன வேலை அவளுக்கும் ஏதாவது இருக்கும், அதைப் பார்க்கட்டும். என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட வேண்டாம், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ளமாட்டேன்.

இதற்கு மேலே உள்ள இரண்டு பத்திகளை மட்டும் மேசையில் கொஞ்சம் உரக்கப் படியுங்கள், அத்தான்.

தங்கள் மச்சினி